மருத்துவக் காப்பீடு: பிரீமியம் ஏறும்போது நாம் தவறாக யோசிக்கும் இடங்கள்

பிரீமியம் ஏறியதும் முதலில் திட்டு வாங்குவது காப்பீட்டு நிறுவனம்தான். பல நேரங்களில் அது நியாயமான கோபமே. ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனிநபர் பாலிசிகளில் வசூலாகும் பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் செலவாக வேண்டும். குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகும் பிரீமியம் ஏறுகிறது. அங்குள்ளவர்கள் மற்ற பணக்கார நாட்டினரைவிட அதிகமாக டாக்டரிடம் போவதும் இல்லை. சிகிச்சையின் விலைதான் அதிகம். அந்த விலையை யார் பேசி முடிக்கிறார்கள் என்று கேட்காத திட்டம் செலவைக் குறைக்காது.

‘நோயாளியும் கையிலிருந்து கொஞ்சம் கட்டட்டும், வீண் சிகிச்சை குறையும்’ என்பது அடுத்த வாதம். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1974 முதல் 1982 வரை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், கைக்காசு போட வேண்டியிருந்தவர்கள் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள். வீணானதை மட்டுமல்ல, தேவையானதையும் குறைத்தார்கள். பெரும்பாலானோரின் உடல்நிலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏழைகளாகவும் நோயாளிகளாகவும் இருந்தவர்களுக்கு, இலவச சிகிச்சை கிடைத்தபோதுதான் ரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. எந்தச் சிகிச்சை அவசியம், எது வீண் என்று மருத்துவம் படிக்காத ஒருவர் நெஞ்சுவலியோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்பது கொடுமை.

ஏற்கெனவே நோய் உள்ளவரை ஒதுக்கக் கூடாது, அவரிடம் கூடுதல் கட்டணமும் கேட்கக் கூடாது. இந்த விதி கட்டாயம் வேண்டும். அதை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் மாநிலம் 1993க்குப் பிறகு பார்த்தது. நோய் வந்த பின் சேரலாம் என்று ஆரோக்கியமானவர்கள் விலகினார்கள். மிஞ்சியவர்களின் சராசரிச் செலவு கூடியது, பிரீமியம் ஏறியது, இன்னும் சிலர் விலகினார்கள். தனிநபர் காப்பீட்டுச் சந்தையே சுருங்கிப்போனது. எல்லோரும் சேர்ந்தாக வேண்டும், கட்ட இயலாதவருக்காக அரசு கட்ட வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் அந்த விதி நிலைக்காது.

காப்பீட்டை வேலையோடு கட்டிப்போடுவதையும் கைவிட வேண்டும். நோய் முற்றி வேலை போகும்போது காப்பீடும் சேர்ந்து போய்விடும்.

பிறகு எந்த வழி? ஒரே வழிதான் உண்டு என்று சண்டை போடுவதில் பயனில்லை. 1883இல் ஜெர்மனி தொடங்கிய முறையில் சம்பளத்துக்கு ஏற்பச் சந்தா. தைவானில் 1995 முதல் நாடு முழுவதற்கும் ஒரே காப்பீடு. சுவிட்சர்லாந்தில் 1996 முதல் எல்லோரும் தனியார் காப்பீடு எடுத்தாக வேண்டும். அடிப்படைப் பாலிசியில் நிறுவனம் லாபம் பார்க்கக் கூடாது. ஆனால் அங்கே பிரீமியம் வருமானத்தைப் பார்ப்பதில்லை. குறைந்த வருமானக் குடும்பங்கள் அரசு மானியத்தை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் முறையே நியாயமானது என்பேன்.

‘நாடு பணக்கார நாடாகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்பதும் சரியான காரணமல்ல. 1997இன் பொருளாதார நெருக்கடியில் அடிபட்ட தாய்லாந்து, ஐந்தே ஆண்டுகளில், 2002இல், அதுவரை காப்பீடு இல்லாதிருந்த மக்களுக்கு வரிப்பணத்திலிருந்து மருத்துவப் பாதுகாப்பு கொடுத்தது. அப்போது ஒருமுறை சிகிச்சைக்கு நோயாளி கட்டியது, அந்நாட்டு நாணயத்தில், 30 பாட்.