கேமுக்குக் கவசம் செய்யும்போது துணியில் தொடங்குங்கள்

ரோல்பிளேயிங் கேமுக்குப் போர்வீரன் செய்ய ஆசைப்படும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் வட்ஸ்அப்பில் எனக்குப் படங்கள் அனுப்புவார்கள். பெரும்பாலும் அதில் இரும்பு மட்டும்தான் இருக்கும். தோளில் தலையை விடப் பெரிய தகடு, அதன் மேல் முள்ளு, நெஞ்சில் சிங்கமுகம். அந்த வீரன் ஒருமுறை கையைத் தூக்கினால் அவனுடைய தோள்தகடே அவன் தாடையில் இடிக்கும்.

நான் மட்டக்களப்பு வந்தாறுமூலையில் வீட்டில் இருந்தபடியே கேம்களுக்கு முப்பரிமாண மாடல் செய்து கொடுக்கிறேன். ஐரோப்பிய மத்தியகாலக் கவசங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இருந்தால் போதும், அது இலவசம். நான் வேலை செய்யும் வரிசை இதுதான்: உடம்பு, துணி, வளையம், தகடு, கட்டு. உள்ளே இருந்து வெளியே வர வேண்டும். எதை மாற்றினாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் ஒரு வருடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மத்தியகாலம் என்பது ஏறக்குறைய ஆயிரம் வருடம். 1100இல் குதிரைவீரன் இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையக் கவசத்தோடுதான் போருக்குப் போனான். 1361இல் சுவீடனின் விஸ்பி நகருக்கு வெளியே நடந்த சண்டையில் இறந்தவர்களைக் கவசத்தோடே புதைத்திருக்கிறார்கள். அந்தக் குழிகளைத் தோண்டியபோது, துணிக்கு உள்பக்கம் தகடுகளை ரிவெட் (நுனியைத் தட்டிப் பரப்பிய ஆணி) அடித்துப் பொருத்திய சட்டைகள் கிடைத்தன. தலை முதல் கால் வரை பளபளக்கும் முழுத் தகட்டுக் கவசம் 1400களின் விஷயம். இந்த மூன்றையும் ஒரே ஆளுக்கு மாட்டினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று தெரிந்துவிடும். 2018இல் வந்த கிங்டம் கம் டெலிவரன்ஸ் கேம் 1403இன் பொஹீமியாவை (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றது. தலைக்கும் உடம்புக்கும் துணி, வளையம், தகடு என்று அடுக்கடுக்காக உடுத்தவும் விட்டது. அதன் நம்பகத்தன்மைக்குப் பெரிய காரணம் அந்த அடுக்குகள்தான்.

நம்முடைய ஊரிலேயே கதை வைக்க விரும்புகிறவர்களும் வருடத்தைக் கவனியுங்கள். மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையை போர்த்துக்கேயர் கட்டியது 1628இல், ஒல்லாந்தர் பிடித்தது 1638இல். அப்போது துப்பாக்கிக் காலம் வந்துவிட்டது. அந்தக் கோட்டை வாசலில் 1450இன் மிலான் நகரத்து முழுத் தகட்டுக் கவசத்தோடு ஒருவனை நிறுத்தக்கூடாது.

மாதிரிப் படங்களுக்குப் பின்டரெஸ்ட் வேண்டாம். அதில் பாதி, வேறு கேம்களுக்கு யாரோ வரைந்த கற்பனை. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை தன்னிடமுள்ள பழைய கவசங்களின் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்த இணையத்தில் திறந்து விட்டிருக்கிறது. பல கவசங்களுக்குப் பின்பக்கப் படமும் உண்டு. பின்பக்கம் பார்க்காமல் கவசம் செய்ய உட்காராதீர்கள்.

சரி, துணி. பஞ்சடைத்துத் தைத்த தடித்த சட்டை ஒன்று உண்டு, கேம்களில் கேம்பசன் என்று வரும். வசதியில்லாத வீரனுக்கு அதுவே முழுக் கவசம். வசதியுள்ளவனுக்கு அது இரும்புக்கு உள்ளே. அடி விழும்போது தகடு வெட்டைத் தடுக்கும், அதன் அதிர்ச்சியை வாங்குவது இந்தத் துணி. இது எப்படி மடங்கும் என்று பார்க்க வேண்டும் என்றதும் அம்மா பழைய வேட்டித் துண்டு இரண்டுக்கு நடுவே தலையணைப் பஞ்சைப் பரப்பி, தையல் மெசினில் இரண்டு விரல் இடைவெளியில் நீளக் கோடுகளாக அடித்துத் தந்தார். அடித்துக்கொண்டே, "இந்த வெக்கைக்குள்ள இத ஆரு புள்ள உடுக்கிற?" என்றார். அந்தத் துண்டு இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. தையல் ஓடும் இடம் பள்ளமாகவும் இரண்டு தையலுக்கு நடுவே உப்பியும் இருக்கும். கையில் சுற்றி முழங்கையை மடக்கினால், உள்பக்கத்தில் ரீசேட் போலப் பத்து சின்னச் சுருக்கம் விழாது. இரண்டு மூன்று தடித்த மடிப்புத்தான் விழும். ஸ்கல்ப்ட் செய்யும்போது (மாடலைக் களிமண் போலச் செதுக்கும்போது) அந்த இரண்டு மூன்று மடிப்பை மட்டும் போடுங்கள். மெலிந்த சுருக்கங்களை நிரப்பினால் கேம்பசன் பருத்திச் சட்டையாகிவிடும்.

தகடு ஒருபோதும் வெறும் உடம்பின் அளவுக்குச் செய்யப்படக்கூடாது. உடம்பின் மெஷ்ஷை, அதாவது மாடலின் மேற்பரப்பு வலையை, பிரதி எடுத்து, தடிப்புச் சேர்க்கும் சொலிடிஃபை மொடிஃபையரால் ஒரு சென்ரிமீற்றர் வெளியே தள்ளி, அதைத் துணியாக வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை அதற்கு மேல் கட்டுங்கள். முழுத் தகட்டுக்கு உள்ளே போடும் சட்டை கொஞ்சம் மெல்லியது, அதற்கு அரை சென்ரிமீற்றர் போதும்.

வளையக் கவசத்தில் ஒவ்வொரு வளையமும் பக்கத்து நான்கு வளையங்களைக் கோத்திருக்கும், வளையங்களை ரிவெட் அடித்து மூடியிருப்பார்கள். கேமில் இதை நோர்மல் மாப்பாக (மேடுபள்ளம் இருப்பது போல வெளிச்சத்தில் காட்டும் படமாக) வைத்தால் போதும், வளையம் வளையமாக மாடல் செய்ய வேண்டாம். நீளக்கை வைத்த ஒரு சட்டை பத்துக் கிலோ வரும். அந்தப் பாரம் முழுவதும் தோளில் தொங்கும். அதனால்தான் இடுப்பில் வாரை இறுக்கி, மேலே கொஞ்சம் தளர்த்தி விடுவார்கள். பாரத்தில் ஒரு பகுதி இடுப்புக்குப் போகும். வாருக்கு மேலே அந்தத் தளர்வு தெரிய வேண்டும். வளையம் உடம்போடு ஒட்டி நெஞ்சுத் தசையைக் காட்டினால் பார்க்கிறவர் அதை இரும்பென்று நம்பமாட்டார்.

அப்புறம் தகடு. மார்புத்தகடு வெளியே நன்றாக உருண்டு, இடுப்பில் ஒடுங்கும். உருட்சி எதற்கென்றால், ஈட்டி முனையும் வாள் முனையும் வழுக்கிப் பக்கத்தால் போகட்டும் என்றுதான். ஒடுங்கும் இடம் தொப்புளை ஒட்டிய இடுப்பு. எலும்பு இடுப்பு அல்ல. கீழே இறக்கினால் ஆள் குனிய முடியாது. பெண் வீரர்களுக்கும் இதே உருட்சிதான். இரண்டு மார்பையும் தனித்தனிக் கிண்ணமாக அடித்தால் வருகிற முனையெல்லாம் நடுநெஞ்செலும்புக்கு வழி தேடிக்கொள்ளும். பெண் வீரர்கள் கேட்கும் ஒவ்வொரு குழுவிடமும் இதைச் சொல்கிறேன். சொன்னால் கேட்கிறார்கள், ஆகவே நீங்களும் சொல்லுங்கள். தடிப்பு நெஞ்சில் இரண்டு மில்லிமீற்றரை ஒட்டியும் கைகால்களில் ஒரு மில்லிமீற்றரை ஒட்டியும் இருக்கும். ஆனால் ஓரம் தடித்துத் தெரியும், ஏனென்றால் கழுத்திலும் அக்குளிலும் தகட்டின் ஓரத்தை வெளியே சுருட்டி விட்டிருப்பார்கள். வழுக்கி வரும் முனை அந்தச் சுருளில் தடுக்கும். மாடலில் இந்த ஓரச் சுருள் ஒன்றைச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி மூட்டு. கணினியைத் தொடும் முன் ஒரு கோப்பு அட்டையை வெட்டுங்கள். முழங்கைக் கிண்ணத்துக்கு ஒரு துண்டு, மேலே இரண்டு ஒடுங்கிய பட்டி, கீழே இரண்டு. பட்டிகளின் நுனிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, இரண்டு பக்கமும் சின்ன நட்டு போல்ட்டால் தளர்வாகப் பூட்டுங்கள். கையில் மாட்டி மடக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் பட்டிகள் விரியும், உள்பக்கம் ஒன்றுக்குள் ஒன்று புகும், ஒவ்வொரு பட்டியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும். முழங்கையின் உட்குழி மட்டும் திறந்தே இருக்கும். நிஜக் கவசத்திலும் அங்கே தகடு இல்லை. உள்சட்டையில் தைத்த வளையத் துண்டுதான் காவல். அக்குளும் அப்படித்தான்.

இந்த அட்டை காட்டியதை அப்படியே ரிக்குக்கு, அதாவது மாடலை அசைக்கும் எலும்புக்கூட்டுக்கு, மாற்றுங்கள். எந்தத் தகட்டுக்கும் மென்மையான வெயிட் பெயின்ட் (எந்த எலும்பு எவ்வளவு இழுக்கும் என்று பூசிக் காட்டுவது) கூடாது. ஒவ்வொரு தகடும் ஒரே ஒரு எலும்புக்கு முழு வெயிட். இல்லாவிட்டால் இரும்பு ரப்பராக வளையும். பட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை எலும்பு வைத்து, வேறொரு எலும்பின் திருப்பத்தைப் பின்பற்ற வைக்கும் கொப்பி ரொட்டேஷன் கொன்ஸ்ட்ரெயின்ட்டை லோக்கல் ஸ்பேஸில் போட்டு, எவ்வளவு பின்பற்றுவது என்ற இன்ஃபுளுவன்ஸைக் கால், அரை, முக்கால் என்று ஏற்றிக்கொண்டு போங்கள். தோள்தகட்டுக்கும் ஒரு துணை எலும்பு, மேல்கை திரும்புவதில் பாதி அளவு. துணிக்கும் வளையத்துக்கும் மட்டும் வழமையான வெயிட் பெயின்ட். பிறகு மூன்று நிலைகளில் சோதியுங்கள்: கையைத் தலைக்கு மேல் தூக்குவது, குந்தி இருப்பது, குதிரையில் இருப்பது. தகடு தகட்டுக்குள் புகுந்தால் தகட்டைத்தான் வெட்டிக் குறைக்க வேண்டும். அந்தக் காலக் கொல்லரும் அதைத்தான் செய்திருப்பார்.

கட்டுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தில் கரப்புப் போல விரிந்த கரப்புடுப்பும் முடியும் தரித்து வரும் அரசனைப் பாருங்கள், அவரால் தனியே அதை உடுத்த முடியாது. பின்னால் நின்று ஒருவர் இழுத்துக் கட்டிவிட வேண்டும். கவசமும் அப்படித்தான். கைத்தகடுகள் உள்சட்டையில் நாடாவால் முடியப்படும், கெண்டைக்கால் தகட்டுக்கு வெளிப்பக்கம் கீல், உள்பக்கம் வாரும் பக்கிளும். ஒவ்வொரு தகட்டையும் தொட்டு, "இது எதில் தொங்குகிறது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அங்கே ஒரு வார் போடுங்கள்.

அசைவு செய்பவருக்கும் ஒரு வார்த்தை. போருக்கான முழுக் கவசம் இருபது முதல் இருபத்தைந்து கிலோ, அதுவும் உடம்பெங்கும் பரவிய பாரம். பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோ ஹெல்மெட் தவிர மற்றக் கவசத்தோடு குட்டிக்கரணம் அடித்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஆகவே வீரனை யானை நடை நடக்க வைக்காதீர்கள். களைப்பைக் காட்டுங்கள், மூச்சையும் வேர்வையையும் காட்டுங்கள். கண்ணுக்கு ஒரு கீறல் மட்டும் விட்ட, தவளை வாய் மாதிரி முன்தள்ளிய அந்த ஹெல்மெட் குதிரை மேல் ஈட்டியோடு மோதும் போட்டிக்கானது. அதைத் தரையில் சண்டை போடுபவன் தலையில் வைக்க வேண்டாம்.

கேமின் விதிகளை எழுதுகிறவராக இருந்தால் காயத்தை வெட்டு, குத்து, அடி என்று மூன்றாகப் பிரியுங்கள். தகட்டில் வெட்டு ஏறக்குறைய வீண். குத்து இடுக்கில் மட்டும். கதாயுதத்தின் அடி உள்ளே இறங்கும். ஹெல்மெட்டின் முகமூடியான வைசரை மூடினால் பார்வை குறைய வேண்டும், களைப்புக் கூட வேண்டும்.

கடைசியாக மேற்பூச்சு. துருப்பிடிக்காத வெறும் உருக்குக்கு மெற்றலிக் (உலோகத்தன்மை அளவு) எப்போதும் ஒன்று. ஓரங்களைத் தானாகத் தேய்த்துக் காட்டும் ஃபில்ட்டரைக் குறைத்து வையுங்கள்; பெயின்ட் உரிந்தால்தான் உள்ளே வேறு நிறம் தெரியும், மெருகேற்றிய வெறும் உருக்குக்குக் கீழேயும் உருக்குத்தான். துருவுக்கு கல்லடிக் கடற்கரைப் பக்கத்து வீட்டு யன்னல் கிறில்களைப் போய்ப் பாருங்கள். உப்புக்காற்றில் நடுக்கம்பி தாங்கும். பற்றவைத்த இடமும் கம்பி கம்பியைத் தொடும் இடமும் முதலில் பழுக்கும், ஈரம் அங்கேதான் தங்கும். கவசத்தில் அது ரிவெட்டைச் சுற்றி, பட்டி மேல் பட்டி ஏறும் இடம், வாருக்கு அடிப்பக்கம். துரு எங்கே வரும் என்று காட்டும் மாஸ்க்கை அந்த மூன்று இடத்துக்கு மட்டும் வரையுங்கள். மீதியில் துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய கீறல்கள், எண்ணெய்க் கை பட்டு ரஃப்னஸ் (சொரசொரப்பு) குறைந்த திட்டுகள் இரண்டொன்று. பிரபுவுக்கு இது போதும். சம்பளமில்லாமல் மூன்று மாதம் பாசறையில் கிடக்கும் காலாள் என்றால் துருவைக் கூட்டி, ஒரு வாரை அறுத்துக் கயிற்றால் முடிந்து விடுங்கள்.