பாஸ்வேர்டு மேனேஜரில் ஆவணங்கள்: தலைப்பு இருக்கும், தாள் இருக்காது

போன மாதம் அக்கா மகன் தன் போனை நீட்டிப் பெருமையாகக் காட்டினான். பாஸ்போர்ட், ஆதார், பான், மதிப்பெண் பட்டியல், வண்டி ஆர்சி என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜருக்குள் ஏற்றிவிட்டானாம். "எக்ஸ்போர்ட்டும் எடுத்து பென் டிரைவ்ல போட்டுட்டேன் மாமா" என்றான். உள்ளே இருப்பதை ஒரு கோப்பாக வெளியே எடுப்பதுதான் எக்ஸ்போர்ட். அவனுடைய அந்தக் கடைசி வரி எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே நிம்மதியோடு 2021-ல் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

மாஸ்டர் பாஸ்வேர்டாக, அதாவது மேனேஜரையே திறக்கும் பாஸ்வேர்டாக, பிறந்த தேதியை வைக்காதீர்கள், அதை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அது தெரியாதவர்கள் இதைப் படிக்க வரமாட்டார்கள். ஓரளவு விவரம் தெரிந்தவர்களே விழும் குழிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரும்பாலானவற்றில் நானும் விழுந்து எழுந்திருக்கிறேன்.

கேலரியில் கிடக்கும் நகல்

மருமகனின் போனை வாங்கிப் பார்த்தேன். பாஸ்போர்ட், பாஸ்வேர்டு மேனேஜரின் பெட்டகத்துக்குள் பத்திரமாக இருந்தது. கேலரியிலும் இருந்தது, மூன்று தடவை. ஒன்று கேமராவில் எடுத்தது, ஒன்று ஸ்கேன் செயலி சேமித்தது, மற்றொன்று பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது. பீரோவைப் பூட்டிவிட்டு நகையைத் திண்ணையில் வைத்த கதை.

அழித்தால் உடனே போய்விடாது என்பதையும் பாருங்கள். கூகுள் போட்டோஸில் பேக்அப் ஆன படத்தை அழித்தால், அது குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். தொட்டியையும் காலி செய்ய வேண்டும். கணினியில் பிரவுசர் வழியாக ஆவணத்தைத் திறப்பவர்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும். பெட்டகத்திலிருந்து இறக்கிய ஒவ்வொரு கோப்பும் அங்கே சாதாரணக் கோப்பாகக் கிடக்கும்.

எக்ஸ்போர்ட் எடுத்த நிம்மதி

2021-ல் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரை விட்டு இன்னொன்றுக்கு மாறினேன். சந்தா கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் காரணம். பழையதில் எக்ஸ்போர்ட் அழுத்தினேன், ஒரு கோப்பு இறங்கியது. புதியதில் இம்போர்ட் அழுத்தினேன். 214 பதிவுகள் சேர்ந்தன என்று பச்சை நிறத்தில் ஒரு செய்தி. பழையதிலும் 214தான். கீழே நகர்த்திப் பார்த்தேன். 'அம்மா பென்ஷன் உத்தரவு', 'வீட்டுப் பத்திரம்', 'கூர்ச்சீட்டு' என்று எல்லாத் தலைப்பும் இருந்தன, நான் எழுதி வைத்திருந்த குறிப்புகள் உட்பட. சரி, முடிந்தது என்று பழைய கணக்கை அன்றிரவே அழித்தேன். தேவையில்லாத கணக்கை விட்டுவைக்காத கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

வந்தவை பதிவுகள் மட்டும். அவற்றோடு இணைத்திருந்த பிடிஎஃப் ஒன்றுகூட வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் எனக்கு அது தெரியாது. வங்கி பாஸ்வேர்டைத் தினமும் எடுக்கிறோம். வீட்டுப் பத்திரத்தை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்?

2023 டிசம்பர் மழையில் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பத்திரக் கட்டு பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் அம்மா அதைக் கையில் எடுத்தபோது கூழாகப் பிய்ந்து வந்தது. "அழாதம்மா, எல்லாம் போன்ல இருக்கு" என்றேன். சொல்லிவிட்டுத்தான் போனைத் திறந்தேன்.

வீட்டுப் பத்திரம் பதிவானது என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைத்தது. பென்ஷன் உத்தரவுக்கும் அலைந்து திரிந்து ஒன்று வாங்கினோம். கூர்ச்சீட்டுக்கு எங்கே போவது? ஊரில் உள்ள நிலத்தை அப்பாவும் சித்தப்பாவும் 1994-ல் வெள்ளைத்தாளில் பிரித்து எழுதிக்கொண்டது அது. பதிவு செய்யாதது, எந்த அலுவலகத்திலும் பிரதி இல்லை. அப்பா இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் இல்லை. சித்தப்பா நல்லவர், அதனால் சண்டை வரவில்லை. ஆனால் பொதுக் கிணற்றில் எந்தக் கிழமை யார் முறை என்று அந்தச் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. இப்போது அது அவரவர் ஞாபகத்தில் இருக்கிறது. ஞாபகங்கள் ஒத்துப்போகவில்லை.

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது அந்தப் பச்சைச் செய்திதான். அது பொய் சொல்லவில்லை. 214 என்றது, 214 வந்தது. கூடவே 'இணைப்புகள் வரவில்லை' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

செயலிக்குச் செயலி இது மாறும். பிட்வார்டன் செயலியில் எக்ஸ்போர்ட் எடுக்கும் ஜேசன், சிஎஸ்வி இரண்டு வடிவங்களிலும் இணைப்புகள் வராது. இணைப்புகளோடு எடுப்பதற்கென்று ஜிப் வடிவம் தனியாக இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1பாஸ்வேர்டின் 1பியூஎக்ஸ் கோப்பில் ஆவணங்களும் வரும். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் அடுத்த செயலி ஆவணங்களை எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. கீபாஸ் வகையில் இணைப்புகள் தரவுத்தளக் கோப்புக்கு உள்ளேயே இருப்பதால், அந்த ஒரு கோப்பை நகலெடுத்தால் எல்லாம் வந்துவிடும். அதிலும் சிஎஸ்வியாக எக்ஸ்போர்ட் செய்தால் ஆவணம் வராது.

மருமகனின் பென் டிரைவைச் செருகிப் பார்த்தோம். அவன் ஏற்றியிருந்த ஆவணங்கள் 26 எம்பி. எக்ஸ்போர்ட் கோப்பு 190 கேபி. இதற்கு மேல் சோதனை வேண்டியதில்லை. அப்புறம் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். அவனுடைய வங்கி பாஸ்வேர்டு பளிச்சென்று முதல் பக்கத்திலேயே இருந்தது. வேண்டியது வரவில்லை, வந்தது பூட்டில்லாமல் வந்திருக்கிறது. பென் டிரைவோ வண்டிச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

செயலி மாறுகிறீர்களா? தலைப்பைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஆவணம் ஒவ்வொன்றையும் புதிய இடத்தில் திறந்து கடைசிப் பக்கம் வரை பாருங்கள். பழைய கணக்கு இன்னும் சில மாதம் சும்மா கிடக்கட்டும். ஒரு வருடச் சந்தா கூடப் போனாலும் போகட்டும்.

பெட்டிக்குள் சாவி

பெட்டகத்தைத் திறக்க, மாஸ்டர் பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் இரண்டாம் கட்டக் குறியீடும் கேட்கும்படி வைப்பது நல்லது. அந்தக் குறியீட்டையும், போன் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீட்டையும் அதே பெட்டகத்துக்குள் மட்டும் வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். போன் தொலைந்த அன்றுதான் புரியும். மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டு நிறுவனத்திடம் இருக்காது, கெஞ்சினாலும் அவர்களால் திறந்து தர முடியாது.

இரண்டாம் பூட்டு இருக்கிறதே என்று மாஸ்டர் பாஸ்வேர்டைச் சுருக்குவதும் தப்புக் கணக்கு. 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களே திருடு போயின. நகல் திருடன் கைக்குப் போனபின் அவன் உட்கார்ந்த இடத்தில் லட்சக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம். அங்கே போனுக்கு வரும் ஆறு இலக்கம் குறுக்கே நிற்காது. பாஸ்வேர்டின் நீளம் ஒன்றுதான் நிற்கும்.

"ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே"

பெயரின் முதல் நான்கு எழுத்து, பிறந்த வருடம். உங்கள் கல்யாணப் பத்திரிகையும் பிறந்தநாள் வாழ்த்தும் பார்த்தவருக்கெல்லாம் தெரியும்.

ஸ்கேன் இருக்கிறது என்று மூலத்தைத் தூக்கிப் போடுவது

வேண்டாம்.

கண்டதையும் ஏற்றுவது

மின் கட்டண ரசீதுக்குப் பெட்டகம் எதற்கு? கீபாஸில் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முழுக் கோப்பும் புதிதாக எழுதப்படும். நூறு எம்பிக்கு ஊதிய கோப்பை போனிலும் கணினியிலும் ஒத்திசைத்துப் பாருங்கள், தெரியும்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைப்பது

நமக்கு ஒன்று ஆகிவிட்டால் பாலிசியைத் தேடப் போவது வீட்டில் இருப்பவர்கள். 1பாஸ்வேர்டில் எமர்ஜென்சி கிட் என்று ஒரு தாள் தருவார்கள், அச்செடுத்துப் பூர்த்தி செய்து வைக்கலாம். பிட்வார்டனில் சந்தா கட்டியவர்கள் நம்பிக்கையான ஒருவரை நியமிக்கலாம். அவர் திறக்கக் கேட்பார், நீங்கள் வைத்த நாள் கணக்குக்குள் மறுக்காவிட்டால் திறந்துவிடும். நியமித்ததோடு விட்டுவிடாமல் ஒரு தடவை ஒத்திகையும் பாருங்கள்.

நான் ஏழு நாள் வைத்து மனைவியைக் கேட்கச் சொன்னேன். மறுக்காமல் விட்டேன். எட்டாம் நாள் ராத்திரி சாப்பாடு முடிந்தபின் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "கூர்ச்சீட்டுன்னு ஒண்ணு இருக்கே, உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றாள். அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.