தாடையில் ‘டக்’ சத்தம் நின்றால் சந்தோஷப்படாதீர்கள்

தக்கலையில் எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி பிள்ளைகள், வாய் திறக்க முடியாத நோயாளியிடம் செய்கிற தவறுகள் எதுவும் எனக்குப் புதிதில்லை. எல்லாம் நான் செய்தவைதான். கையுறை போடு, கை கழுவு என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

சத்தம் நின்றதைக் குணம் என்று எழுதுவது

என் முதல் வருடம். குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அக்கா ஒருவர் வந்தார். வாயைத் திறந்தால் இடது காதுக்கு முன்னால் ‘டக்’. வெந்நீர் ஒத்தடமும் நாலு பயிற்சியும் சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்து வந்தவர், “எனக்க வாயில இப்பம் சத்தமே இல்ல சாரே” என்றார். ‘நல்ல முன்னேற்றம்’ என்று சீட்டில் எழுதினேன். ஸ்கேலைக் கையில் எடுக்கவே இல்லை.

மூன்று வாரம் போனது. மரச்சீனிக் கிழங்கைப் பிய்த்துப் பிய்த்துப் பல் இடுக்கு வழியே தள்ளித்தான் தின்பதாகச் சொல்லிக்கொண்டு திரும்ப வந்தார். வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தேன். 24 மில்லிமீட்டர்.

தாடை எலும்பின் உருண்டைக்கும் மேலே இருக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய டிஸ்க் ஒன்று உண்டு. அது முன்பக்கம் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது உருண்டை அதன்மேல் ஏறுகிற சத்தம்தான் அந்த ‘டக்’. ஏற முடிகிற காலம்வரை வாய் முழுசாகத் திறக்கும். ஏற முடியாமல் போன அன்றைக்குச் சத்தமும் நிற்கும், வாயும் பூட்டிக்கொள்ளும். முதல் 20, 25 மில்லிமீட்டர் உருண்டை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழல்வதால் கிடைப்பது. அதற்குமேல் அது முன்னால் வழுக்கி வர வேண்டும். வழியை டிஸ்க் அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படி வரும்?

இன்றைக்கும் சீட்டில் ‘சத்தம் இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். எவ்வளவு திறக்கிறது என்று எழுதுங்கள். மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ் முன்பல் நுனிவரை பெரியவர்களுக்கு 40-ஐத் தாண்ட வேண்டும். 35-க்குக் கீழே என்றால் சந்தேகப்படுங்கள். திறக்கும்போது முகவாய் எந்தப் பக்கம் கோணுகிறது என்றும் பாருங்கள். அந்த அக்காவுக்கு இடப்பக்கம் கோணியது. தாடையை வலப்பக்கம் நகர்த்தச் சொன்னால் நகரவே இல்லை. பூட்டிக்கொண்டது இடது மூட்டு.

பெருவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பல்மேல் வைத்து, முதலில் கீழே அமுக்கி, அங்கேயே பொறுத்து, பிறகு மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். முகவாயைப் பிடித்து நெம்பினால் தசை இன்னும் இறுகும். முதல் வாரத்தில் 29. 38-ஐ எட்ட மூன்று மாதம். டிஸ்க் பழைய இடத்துக்குப் போனது என்று சொல்ல மாட்டேன். பலருக்குப் போகாது, பின்னால் உள்ள திசு நீண்டு பழகிக்கொள்ளும். பூட்டிய புதிதில் கை வைத்தால் பலன் கூடுதல். அந்த மூன்று வாரத்தைத் தின்றது நான்.

கன்னத்துக்குள் பார்க்காமல் மூட்டைப் பிடிப்பது

வீட்டு முற்றத்திலேயே கமுகு நிற்கிற ஊர் இது. “வெறும் பாக்குதானே, பொகையில இல்லியே” என்பார்கள். வெறும் பாக்கே போதும். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, விரலை ஓட்டினால் கயிறு கயிறாகத் தட்டுப்பட்டால் கோளாறு மூட்டில் இல்லை, பாக்கால் இறுகிப்போன கன்னத்தில். பாக்கை நிறுத்தாமல் எந்தப் பயிற்சியின் பலனும் நிலைக்காது. புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் பல் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்று விரல் சோதனை

திறந்த வாயில் மேல், கீழ் முன்பல்லுக்கு நடுவே மூன்று விரலை அடுக்கி வைக்க முடிகிறதா என்று பார்ப்பது. நோயாளியின் விரல். உங்களுடையது அல்ல.

காய்ச்சலோ கன்ன வீக்கமோ சேர்ந்து வந்தால்

தொடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள்.

பயிற்சியை அள்ளிக் கொடுப்பது

சிலி நாட்டு ரோகபாடோவின் முறையில் ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஆறு தடவை, நாளைக்கு ஆறு வேளை. எழுதிக் கொடுப்பது சுலபம். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓடுகிறவர் எங்கே செய்வது? அந்த ஓட்டம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததை அந்த அக்கா இரண்டாம் முறை வந்தபோதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதனால் ஒன்றே ஒன்று சொன்னேன்: ஒவ்வொரு மரத்திலும் பால் வடிகிற சிரட்டையைத் திருப்பி வைக்கும்போது உதடு மூடியிருக்கட்டும், பல் ஒட்டாமல் இருக்கட்டும், நுனிநாக்கு மேலண்ணத்தில் இருக்கட்டும். அவருக்கு முந்நூறு மரம்.