பழைய வேக்குவம் கிளீனரை ஓட வைப்பது எப்படி: முதல் மெஷினைத் திறப்பவர்களுக்கு

பொள்ளாச்சியில் அம்மிச்சி வீட்டு அட்டாலியை ஒழித்த அன்று, சாக்குகளுக்குப் பின்னால் ஒரு யூரோகிளீன் வேக்குவம் கிளீனர் கிடைத்தது. டை கட்டிய விற்பனையாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, மெத்தையிலிருந்து தூசியை உறிஞ்சிக் காட்டி விற்ற மெஷின். அதை விற்ற யுரேகா ஃபோர்ப்ஸ், 1982-ல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸுடன் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி. "எடைக்குப் போட்டரலாம்" என்றார் மாமா. எனக்கு மனசு வரவில்லை, கோவைக்கு எடுத்து வந்துவிட்டேன். இன்று என்னிடம் 11 மெஷின்கள் இருக்கின்றன. 9 ஓடுகின்றன.

இதற்கு நம் ஊர் மாதிரி வசதியான இடம் வேறு இல்லை என்றே சொல்வேன். ஜி.டி. நாயுடு 1937-லேயே மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. காயில் கட்டுபவர், பேரிங் கடை, லேத் பட்டறை, பாலிஷ் போடுபவர், கெட்டித் துணி தைப்பவர் என்று இந்த வேலைக்கு வேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, எதை நீங்களே செய்யலாம், எதை அவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பதைத்தான்.

முதல் படி: எந்த மெஷினை எடுப்பது

முதலில் சொந்தக்காரர்கள் வீட்டு அட்டாலியைக் கேளுங்கள். அப்புறம் உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகள். வால்பாறை, குன்னூர் பக்கம் எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது சீமை ஹூவர் கம்பெனி மெஷின்கூட எப்போதாவது வெளியே வரும்.

அடியில் இருக்கும் தகட்டைப் படியுங்கள். 220 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் நம் வீட்டு மின்சாரத்துக்குச் சரி. 110 அல்லது 120 என்றிருந்தால் அது அமெரிக்க மெஷின். அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், முதல் மெஷினாக அது வேண்டாம். படுக்கை வாட்டில் இருக்கும் உருளை வகைதான் பழகுவதற்கு எளிது. எலக்ட்ரோலக்ஸ் 1921-ல் மாடல் ஃபைவ் என்று கொண்டுவந்த வடிவம் அது. முன்னால் பை, பின்னால் மோட்டார், நடுவில் சிக்கல் ஒன்றும் கிடையாது.

மோட்டார் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, இங்கே கட்டிவிடலாம். ஹோஸின் இரண்டு முனைகளிலும் இருக்கும் பிடிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அவை தொலைந்துவிட்டால் மாற்று கிடைப்பது பெரும்பாடு.

இரண்டாம் படி: பிளக்கில் சொருகாமல் சோதிப்பது

வீட்டுக்கு வந்ததும் கை துருதுருக்கும். சொருகிவிடாதீர்கள். 30 வருடம் சும்மா கிடந்த வயரின் ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். உடம்பு இரும்பாக இருந்தால் அதிலேயே கரன்ட் நிற்கும்.

வயரை முழு நீளமும் கையால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக மூன்று கோர் வயர் போடுங்கள். உலோக உடம்பாக இருந்தால் பச்சைக் கம்பியை உடம்போடு இறுக்க வேண்டும். தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் மட்டும் எர்த் தேவையில்லை. பிறகு காயில் கட்டும் கடைக்குத் தூக்கிப்போய் 500 வோல்ட் மெக்கர் (கரன்ட் கசிகிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்சை ஆன் நிலையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். காயிலுக்கும் உடம்புக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக் கூடாது. பல நேரம் அது வெறும் ஈரம்தான். மோட்டாரை வெளியே எடுத்து ஒரு நாள் நல்ல வெயிலில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

மூன்றாம் படி: பிரிப்பது

ஒவ்வொரு ஸ்குரூவைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் நல்ல மாஸ்க் கட்டாயம். பையை வீட்டுக்குள் திறக்கவே வேண்டாம், வாசலில் பழைய பேப்பரை விரித்துக் கொட்டுங்கள். கொட்டியதைக் கிளறியும் பாருங்கள். அம்மிச்சி மெஷினின் பையில் அவர் தோட்டுத் திருகாணி ஒன்று இருந்தது.

நான்காம் படி: மோட்டார்

இனி வருவதுதான் உண்மையான வேலை. உள்ளே இருப்பது யுனிவர்சல் மோட்டார். மிக்சியில் இருக்கும் அதே வகை. சுற்றும் ஆர்மேச்சர், அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகள் அடுக்கிய கம்யூட்டேட்டர், அதை இரண்டு பக்கமும் உரசி நிற்கும் கார்பன் பிரஷ்கள். ஓடாத மெஷின்களில் பாதிக்கு மேல் இந்தப் பிரஷ் தேய்ந்துதான் நின்றிருக்கிறது. இது என் 11 மெஷின்களில் கண்ட கணக்கு.

பிரஷை வெளியே எடுங்கள். பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். அதே அளவு கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரியதாக வாங்கி, தரையில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். கூட்டுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் 600 நம்பர் உப்புத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டிச் சுற்றிப் பிடித்து, ஆர்மேச்சரைக் கையால் உருட்டுங்கள். எமரி துணி வேண்டாம், அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஷார்ட் ஆக்கும். முடித்ததும் பட்டைகளின் இடுக்குகளைப் பல்குத்தியால் சுத்தம் செய்யுங்கள். செம்பில் குழி விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஒரு மயிரிழை சீவச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் மாற்ற வேண்டும். அதன் மேல் இருக்கும் நம்பரைச் சொன்னால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பல மெஷின்களில் 608 தான் இருக்கும்: 8 மில்லிமீட்டர் துளை, 22 வெளிவிட்டம், 7 தடிமன். சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள், புல்லர் போட்டு இழுங்கள். இன்னும் பழைய மெஷின்களில் பேரிங்குக்குப் பதில் வெண்கல புஷ் இருக்கும். தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து தருவார்கள். போடும்போது ஒரு துளி எண்ணெய் போதும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. இம்பெல்லரை, அதாவது காற்றை இழுக்கும் விசிறியை, கழற்றிய மோட்டாருக்கு முழுக் கரன்ட் கொடுக்காதீர்கள். இந்த வகை மோட்டாருக்கு இழுக்கச் சுமை இல்லாவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும். என் மூன்றாவது மெஷினை அப்படித்தான் ஓட்டினேன். சில நொடியில் கூச்சலாக ஏறி, கம்யூட்டேட்டரின் பட்டை ஒன்று பிய்ந்து போனது. காயில் கட்டும் அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, பம்புல வால்வை மூடிப் பாத்திருக்கீங்களா?" என்றார். கிணற்று மோட்டாரில் டெலிவரி வால்வை மூடினால் அம்பியர் முள் இறங்கும். தண்ணீர் நகராததால் இம்பெல்லருக்கு வேலை குறைகிறது. வேக்குவம் கிளீனரிலும் அதேதான், தண்ணீருக்குப் பதில் காற்று. ஹோஸ் வாயைக் கையால் பொத்தினால் சத்தம் கீச்சென்று உயரும். மெஷின் திணறுகிறது என்று நினைப்போம். உண்மையில் சுமை குறைந்து அது வேகமாகச் சுற்றுகிறது. ஓட்டும்போது காரணமில்லாமல் சத்தம் உயர்ந்தால் எங்கோ அடைப்பு என்று பொருள். இதைக் காது பழகிவிட்டால் பாதிப் பழுதைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

சுவிட்ச் அருகே மெழுகு பூசிய குட்டி கெப்பாசிட்டர் இருந்தால் மாற்றிவிடுங்கள். லைனுக்குக் குறுக்கே வருவதற்கு எக்ஸ்2 வகைதான் போட வேண்டும்.

ஐந்தாம் படி: பை

வேக்குவம் கிளீனர் பையின் கதையே துணியில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஒரு கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஸ்பாங்லர், தூசியால் மூச்சிரைப்பு தாங்காமல், விசிறி மோட்டாரோடு ஒரு தலையணை உறையைக் கட்டி மெஷின் செய்தார். 1908-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதைத்தான் ஹூவர் விலைக்கு வாங்கி உலகமெங்கும் விற்றது. பஞ்சாலைத் தூசியில் வேலை செய்தவர்கள் இருக்கும் நம் வீடுகளில் ஸ்பாங்லரின் அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

பழைய பை பெரும்பாலும் மக்கிப் போயிருக்கும். தூக்கி எறியாதீர்கள், தையலைப் பிரித்து அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் கிடைக்கும் வெளுக்காத காடா துணியில் நெருக்க நெய்ததாகப் பார்த்து எடுங்கள். துணியில் வாயை வைத்து ஊதுங்கள். காற்று கொஞ்சம் தடுத்துப் போக வேண்டும். தடையே இல்லாமல் போனால் தூசியும் வெளியே வரும். போகவே இல்லையென்றால் உறிஞ்சாது. நான் உள்பக்கம் ஃப்ளானல் வைத்து இரட்டையாகத் தைக்கிறேன். தைக்கும் முன் துணியைத் தண்ணீரில் ஊற வைத்துக் காயப் போடுங்கள், காடா சுருங்கும்.

ஆறாம் படி: உடம்பு

பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். கீறலோடு இருக்கும் பழைய பெயின்ட், புது ஸ்ப்ரேயைவிட எனக்கு மேல். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, மெழுகு பாலிஷ் போட்டாலே போதும். பேக்லைட் பாகங்களை ஊற வைக்கக் கூடாது. அலுமினிய மூடியை மட்டும் பாலிஷ் பட்டறைக்குக் கொடுக்கலாம்.

ஏழாம் படி: ஓட்டிப் பார்ப்பது

எல்லாவற்றையும் பூட்டி, இம்பெல்லரும் மாட்டிய பிறகு, 200 வாட் குண்டு பல்பை சீரியலில் போட்டு, அதாவது பல்பு வழியாகவே மெஷினுக்குப் போகும்படி, முதல் கரன்ட் கொடுங்கள். கிடைக்காவிட்டால் 100 வாட் இரண்டைப் பேரலலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் மெதுவாகச் சுற்றத் தொடங்கி, பல்பின் வெளிச்சம் கொஞ்சம் இறங்கினால் நல்லது. பல்பு முழுசாக எரிந்து மோட்டார் அசையாவிட்டால் நிறுத்துங்கள், எங்கோ ஷார்ட் அல்லது இறுக்கம். இது சரியானால் நேரடிக் கரன்ட், அதுவும் 30 மில்லி அம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இருக்கும் லைனில் மட்டும்.

பிரஷ் முனையில் சின்ன நீலப்பொறி இயல்பு. பொறி கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஓடினால் உடனே அணைத்துவிட்டு, ஆர்மேச்சரைக் கடைக்கு எடுத்துப் போங்கள். புது பிரஷ் படிய அரைமணி நேரமாவது ஆகும், நடுநடுவே நிறுத்தி உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

சேர்த்து வைப்பது

ஒவ்வொரு மெஷினுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எங்கே கிடைத்தது, சீரியல் நம்பர், பேரிங் நம்பர், பிரஷ் அளவு, யார் வீட்டில் எத்தனை வருடம் ஓடியது. கடைசியாகச் சொன்னதை முதல் நாளிலேயே கேட்டு எழுதிவிடுங்கள். சொல்லக்கூடிய ஆட்களுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது.

பையைக் கழற்றித் தனியாகத் தொங்க விடுங்கள், உள்ளே இருந்தால் எலி கூடு கட்டும். ஹோஸை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை 2 நிமிடம் ஓட்டுங்கள். எங்கள் வீட்டில் அது முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அம்மிச்சி வந்திருந்தால் தன் மெஷினை வேறு யாரையும் தொட விடமாட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஹோஸைத் தோளில் போட்டு, ஹாலிலிருந்து திண்ணை வரைக்கும் அவரே இழுத்துக்கொண்டு போவார்.