எட்டு போடத் தெரியாமல் மஸ்கிக்குப் போகாதீர்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடக்கே லீச் ஏரி என்று ஒன்று இருக்கிறது. தமிழில் சொன்னால் அட்டை ஏரி. பரப்பு ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேல். நடுவில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. மினியாபொலிஸிலிருந்து காரில் மூன்று, மூன்றரை மணி நேரம். நண்பர்கள் நான்கு பேர் ஜூலை மாதத்தில் நான்கு நாள் அங்கே ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குவது எங்கள் வழக்கம். போவது மஸ்கி மீன் பிடிக்க. முதல் இரண்டு ஆண்டுகள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏரியில் மீன் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை, ஏனென்றால் மீன்கள் எங்கள் படகு வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

மஸ்கெலஞ்ச் என்பது முழுப்பெயர். இங்கு வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்தது. பைக் மீனின் குடும்பம், அதில் இதுதான் பெரியது. (நம் ஊர் வண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ‘பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்’ என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் காலையிலிருந்து இருட்டும் வரை வீசிவிட்டு வெறுங்கையோடு கரையேறுவது இந்த மீன்பிடிப்பில் சாதாரணம். அப்படி இரண்டு நாள் உழைத்தால் ஒரு நிமிடம் வாய்க்கிறது. அந்த ஒரு நிமிடத்தைக் கெடுக்கும் தவறுகளைத்தான் நாங்கள் வரிசையாகச் செய்தோம்.

முதல் தவறு, நான்கு பேரும் ஒரே படகில் ஏறியது. நண்பர்கள் சேர்ந்து போகும்போது பிரிந்து உட்கார மனம் வராது. ஆனால் மஸ்கிக்கான தூண்டில் கோல் எட்டரை, ஒன்பது அடி நீளம். அதன் நுனியில் தொங்கும் போலி இரை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மும்முள் கொக்கிகள். பின்னால் பார்க்காமல் எங்களில் ஒருவர் வீசியபோது இன்னொருவரின் தொப்பி கொக்கியில் மாட்டி முப்பது மீட்டர் பறந்து போய் ஏரியில் விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். இரண்டு அங்குலம் கீழே பட்டிருந்தால் காது. ஒரு படகில் இரண்டு பேர் போதும். மூன்று பேர் என்றால் ஒருவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும்.

கருவி விஷயத்தில் நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ் மீனுக்கு வாங்கிய மெல்லிய கோலையும் நரம்பையும் கொண்டு போகாதீர்கள். 80 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும், அதன் முனையில் கம்பி அல்லது தடித்த ஃப்ளூரோகார்பன் லீடரும் (நரம்புக்கும் இரைக்கும் நடுவில் கட்டும் வலுவான துண்டு) வேண்டும். லீடர் இல்லாவிட்டால் மஸ்கியின் பல் நரம்பைக் கத்தரித்துவிடும். மீன் கொக்கியோடு போய்விடும். மெல்லிய கருவியில் இன்னொரு கேடும் உண்டு. மீனை இழுத்து முடிக்க வெகுநேரம் ஆகும். அதற்குள் மீன் முற்றிலும் களைத்துவிடும். விட்ட பிறகு நீந்திப் போவதுபோல் தெரியும், ஆனால் அடியில் போய்ச் செத்துவிடலாம்.

இனி தலைப்பிலுள்ள எட்டுக்கு வருகிறேன்.

மஸ்கிக்கு ஒரு விசித்திரக் குணம். இரையைக் கண்டவுடன் பாய வேண்டும் என்ற அவசரம் அதற்குக் கிடையாது. பின்னாலேயே வரும். சில சமயம் ஒரு கை தூரத்தில், வாலை மட்டும் அசைத்துக்கொண்டு, படகின் ஓரம் வரை வரும். இதை இங்கே ‘ஃபாலோ’ என்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வோம்? இரை படகருகே வந்ததும், அதில் பாசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க நீரிலிருந்து தூக்கிவிடுவோம். எங்கள் முதல் பயணத்தில் நான் அதைத்தான் செய்தேன். இரையைத் தூக்கிய பிறகு குனிந்து பார்த்தால், அது இருந்த இடத்துக்கு அரையடி கீழே, பச்சையும் பழுப்புமாக ஒரு மரக்கட்டை. கட்டைக்குக் கண் இருந்தது. ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு பின்வாங்குவதுபோல் மெதுவாகக் கீழே அமிழ்ந்து, நிறம் மங்கி, இல்லாமல் போய்விட்டது. ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்று பின்னால் இருந்த நண்பர் சொன்னார். அவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். இரை படகை நெருங்கியதும், லீடர் கோலின் நுனிக்கு ஓரடி வரும்போது ரீலைச் சுற்றுவதை நிறுத்துங்கள். கோலின் நுனியை நீருக்குள் இறக்கி, இரையை நிறுத்தாமல் எட்டு வடிவத்தில் ஓட்டுங்கள். பின்னால் வரும் மீனுக்கு, இரை தப்பித்து ஓடத் திரும்புவதாகத் தோன்றும். அந்தத் திருப்பத்தில்தான் கடிக்கும்.

தமிழ்நாட்டில் இருசக்கர வாகன உரிமம் வாங்கியவர்களுக்கு எட்டு போடுவதன் வேதனையைச் சொல்லித் தெரிய வேண்டாம். அதிகாரி முன்னால் திருப்பத்தைச் சின்னதாக எடுத்தால் காலை ஊன்ற நேரும். அகலமாக எடுத்தால் தப்பிக்கலாம். இங்கும் அதே கதை. பயத்தில் எல்லோரும் தட்டின் அளவுக்குச் சின்னதாக ஒரு எட்டு போடுகிறார்கள். நான்கடி மீன் அந்த வளைவில் எப்படித் திரும்பும்? அதன் உடம்பு வளையாது. இரையைத் தவறவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விடும். கை எட்டும் மட்டும் அகலமாக, உருண்டையாகத் திருப்புங்கள். திருப்பத்தில் இரையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, நேர்க்கோட்டில் ஆழமாக இறக்கி வேகத்தைக் கூட்டுங்கள். மீனைக் கண்டதும் திகைத்து நிற்பதுதான் பெரிய பாவம். இரை நின்றால் ஆட்டம் முடிந்தது. மீனைவிட வேகமாக நம்மால் இழுக்க முடியாது, அந்தக் கவலையே வேண்டாம்.

மீன் தெரிந்தால் மட்டும் எட்டு போடுவது இதில் ஒளிந்திருக்கும் தவறு. லீச் ஏரியில் நீர் கலங்கலாக இருக்கும் நாளில் இரண்டடிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் போட வேண்டும். ஒரு நாளில் நானூறு வீச்சு என்றால் நானூறு எட்டு. முதுகு வலிக்கும். எங்கள் குழுவின் முதல் மஸ்கி அப்படிப் போட்ட ஓர் எட்டில்தான் மாட்டியது, அதுவும் போட்டவர், கரையேறிச் சாப்பிடப்போகும் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது.

வந்து கடிக்காமல் போன மீனை என்ன செய்வது? நாங்கள் அதே இடத்தில் ஒரு மணி நேரம் வீசிக்கொண்டே இருந்தோம். அது வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்திக்கொண்டே இருப்பதற்குச் சமம். மீன் இருக்கும் இடத்தைப் படகின் ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொண்டு விலகிப் போங்கள். சூரியன் மறையும் வேளையிலோ, நிலா எழும்போதோ, காற்று திசை மாறும்போதோ திரும்பி வாருங்கள். மஸ்கி பெரும்பாலும் அந்த நீர்ப்பூண்டுப் படுகையை, அந்தப் பாறைத் திட்டை விட்டுத் தூரம் போவதில்லை. நிலாவின் கணக்கை நான் முழுதாக நம்புகிறவன் இல்லை; ஆனாலும் நிலா எழும் நேரத்தைப் பார்க்காமல் படகை எடுப்பதும் இல்லை.

கடித்த பிறகு கோலை வானத்தை நோக்கித் தூக்குவது இன்னொரு பழக்கம். மஸ்கியின் வாய் எலும்பு. கொக்கி ஏற வலுவாக, பக்கவாட்டில், தாழ்வாக இழுக்க வேண்டும். நீர்மட்டத்தில் ஓடும் இரையை மீன் அடிக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும்: தண்ணீர் வெடிக்கும், நெஞ்சு அதிரும், ஆனால் கையில் கனம் தெரியும் வரை இழுக்கக் கூடாது. சொல்வது எளிது.

இப்போது மீன் வலையில். இங்கிருந்துதான் உண்மையான தவறுகள் தொடங்குகின்றன.

1955 ஜூலையில், கடும் வெயில் நாட்களில், இதே லீச் ஏரியில் மஸ்கிகள் வெறி பிடித்ததுபோல் கடித்தன. பெரிய மீன்களை வரிசையாகத் தொங்கவிட்டு எடுத்த படங்கள் அன்று நாடெங்கும் பரவின. அன்றைய வழக்கம் அது. 1966-இல் மினசோட்டாவில் தொடங்கிய மஸ்கீஸ் இன்க் போன்ற அமைப்புகள் பிடித்து விடுவதை மெல்ல மெல்லப் பழக்கமாக்கின. இன்று மினசோட்டாவில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. அந்த நீளத்தைத் தாண்டினாலும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நான்கடி வளரவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகும் மீன் அது.

ஆகவே கருவிகளை முன்பே எடுத்து வையுங்கள்: பெரிய, ரப்பர் பூசிய வலை, நீண்ட மூக்குக் குறடு, கம்பியை வெட்டும் வலுவான வெட்டுக் குறடு, வாயைத் திறந்து பிடிக்கும் கருவி. எங்கள் முதல் மீன் வந்தபோது வெட்டுக் குறடு மரவீட்டின் சமையல் மேடையில் இருந்தது. ஒரு கொக்கி மீனின் தாடையில், இன்னொன்று வலையில், மூன்றாவது என் நண்பரின் கட்டைவிரலுக்கு நேரே. மீன் ஒரு முறை துள்ளினால் கையும் மீனும் ஒன்றாகத் தைக்கப்பட்டுவிடும். அன்று தப்பித்தோம். அதன் பிறகு நான் கொக்கியோடு மல்லுக்கட்டுவதே இல்லை. சிக்கலாகத் தெரிந்தால் வெட்டிவிடுகிறேன். புதுக் கொக்கி சில டாலர்தான்.

மீனைப் படகுக்குள் இழுத்துப் போடாதீர்கள். வலையின் வாய் மேலே, மீன் தண்ணீருக்குள், வலைதான் தொட்டி. கொக்கி கழன்ற பிறகு, படம் எடுப்பவர் கேமராவோடு தயாரான பிறகு மட்டும் தூக்குங்கள். தூக்கும்போது உங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கும் முட்டுகிறது, கீழே விடுங்கள். செவுளைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடுவது 1955-இன் பாணி. அத்தனை கனமும் தாடையிலும் முதுகெலும்பிலும் இறங்கும். ஒரு கை செவுள் மூடிக்கு உள்ளே தாடை எலும்பை ஒட்டி, செவுளைத் தொடாமல். இன்னொரு கை வயிற்றின் கீழே. மீன் படுத்த நிலையில். பிறகு வால் அடியைப் பிடித்து நீரில் நிமிர்த்தி நிறுத்துங்கள். அதுவாக உதறிக்கொண்டு போகும். முகத்தில் தண்ணீர் அடிக்கும், அது மரியாதை.

நீரின் வெப்பம் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஸ்கிக்கு வீசவே வேண்டாம். சூடான நீரில் பிராணவாயு குறைவு. எவ்வளவு கவனமாக விட்டாலும் பிழைப்பது கடினம். போன ஆண்டு இதனால் ஒன்றரை நாள் வீணானது. விடுமுறை எடுத்து, பணம் கட்டி வந்துவிட்டு வீசாமல் இருப்பது கசக்கத்தான் செய்தது. வால்ஐ (walleye) என்ற வேறொரு மீனுக்குப் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வறுவலாவது தேற்றினோம்.

சின்ன மஸ்கியைப் பைக் என்று நினைத்துச் சட்டிக்குக் கொண்டு போவதும் நடக்கிறது. வெளிர் உடம்பில் கரும்புள்ளியோ கோடோ இருந்தால் மஸ்கி. கரும்பச்சை உடம்பில் வெளிர்ப் புள்ளி என்றால் பைக். சந்தேகம் வந்தால் கீழ்த்தாடையின் அடியில் துளைகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் ஆறு அல்லது மேல் என்றால் மஸ்கி, ஐந்து அல்லது குறைவென்றால் பைக்.

ஏரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாக்கர் விரிகுடா ஆழமானது. ஆனால் லீச் ஏரியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. ஆழமில்லாத பெரிய நீரில் காற்று அடித்தால் அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும். காலையில் கண்ணாடிபோல் இருக்கிறதே என்று ஏரியைக் குறுக்கே கடந்தோம். மதியம் வடமேற்குக் காற்று. இருபது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு அலையும் முன்பக்கத்தைத் தாண்டி உள்ளே வந்தது. காற்று வரும் பக்கமாகக் காலையில் போய், அது தள்ளிக்கொண்டுவர வீடு திரும்பும்படி நாளைத் திட்டமிடுங்கள். உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போடுங்கள். இடி கேட்டால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரைக்குப் போய்விடுங்கள். கையில் இருப்பது மின்சாரம் கடத்தும் ஒன்பதடி கார்பன் கோல்.

கடைசியாக, படகின் அடியிலுள்ள வடிகால் துளையை மூடும் அடைப்பு. அயல் உயிரினங்கள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமலிருக்க, ஏரியை விட்டுக் கிளம்பும்போது அதைக் கழற்றிவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும் என்பது மினசோட்டாச் சட்டம். எல்லோரும் ஒழுங்காகக் கழற்றுகிறார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், திரும்ப மாட்ட மறந்துவிடுகிறார்கள். படகு நீரில் இறங்கி நூறு மீட்டர் போன பிறகு கால்விரல் நனைவது தெரியும். நாங்கள் இப்போது அந்த அடைப்பை எஞ்சின் சாவியோடு ஒரே வளையத்தில் கட்டி வைத்திருக்கிறோம்.