பச்சை வயலுக்கு அடியில் சிவப்பு: சாஃப்ட் பேஸ்டலில் நிலக்காட்சி வரைய ஒரு செய்முறை

சாஃப்ட் பேஸ்டலில், அதாவது விரலில் பொடி ஒட்டும் வண்ணக் குச்சியில், வயல் வரையத் தொடங்குகிற எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான் வருகிறது. வெள்ளைத் தாளில் பச்சைக் குச்சியைத் தேய்க்கிறோம். தாளின் வெள்ளை புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கிறது. அதை மறைக்க இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம். தாளின் சொரசொரப்பு அடைபட்டுப் போய், அதற்கு மேல் எந்த நிறமும் ஒட்டுவதில்லை. வயலோ பிளாஸ்டிக் பாய் விரித்த மாதிரி தட்டையாகக் கிடக்கிறது.

இந்தச் சிக்கலிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது அடிவண்ணம். பச்சை வரப்போகும் இடத்தில் முதலில் சிவப்பும் ஆரஞ்சும் பூசுவது. நீல மலைக்கு அடியில் மெஜந்தா. வானத்துக்கு அடியில் பீச், அதாவது ஆரஞ்சு கலந்த வெளிர் ரோஸ். அதை ஆல்கஹாலில் கரைத்து, காயவைத்து, அதன் மேல்தான் உண்மையான நிறங்கள். முதல் தடவை செய்யும்போது பயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் செய்யுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு எனக்குப் பிடித்த காட்சியையே வைத்துக்கொள்கிறேன்: தென்காசிப் பக்கத்துக் கார் பருவ நெல்வயல், நடுவில் நாலைந்து பனை, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கே மலை மேற்கில் இருப்பதால் காலை வெயில் மலை முகத்தில் நேராக விழும். ஒவ்வொரு மடிப்பும் தெரியும், பார்க்க அழகு, வரையக் கடினம். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது மலை ஒரே நிழலாகிவிடும். எதிர்வெயில் ஊடுருவி நெற்பயிர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். வானம் வெளிச்சம், மலை இருட்டு, வயல் நடுத்தரம், பனை கரும் இருட்டு என்று தானாகவே பிரிந்து நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் மாலைப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

கடையில் பொதுவாக "பேஸ்டல்" என்று கேட்டால் ஆயில் பேஸ்டலைக் கொடுத்துவிடுவார்கள். அது மெழுகும் எண்ணெயும் கலந்தது, இதற்கு ஆகாது. சாஃப்ட் பேஸ்டல் என்று சொல்லிக் கேளுங்கள். விரலால் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும், அதுதான் அடையாளம்.

தொடக்கத்துக்கு முங்யோ பிராண்டு அரைக்குச்சிப் பெட்டி ஒன்று போதும். இப்படிப்பட்ட பெட்டிகளில் நல்ல அடர் நிறங்கள் குறைவாகவே இருக்கும். அதனால் அடர் ஊதா, அடர் பச்சை, மிக வெளிறிய மஞ்சள் இந்த மூன்றை மட்டும் ரெம்பிராண்ட் அல்லது செனிலியர் பிராண்டில் தனிக்குச்சியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தைத் தாளில் போடுங்கள். சுமாரான குச்சியும் நல்ல தாளும் சேர்ந்தால் நல்ல படம் வரும். விலையுயர்ந்த குச்சியையும் மோசமான தாளையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தாளில் இரண்டு குணம் வேண்டும்: சொரசொரப்பு, ஈரம் தாங்கும் தன்மை. யூஆர்ட் 400, பேஸ்டல்மேட் இரண்டும் எனக்குப் பிடித்தவை. கான்சன் மி-தான்த் 160 ஜி.எஸ்.எம். தாள் பேஸ்டலுக்குப் பேர்போனதுதான், ஆனால் ஈரம் பட்டால் அலை அலையாக வளைந்துவிடும். செனிலியர் லா கார்ட் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் மேற்பூச்சு கரைந்து போகும், அதை இந்த முறைக்குத் தொடவே வேண்டாம்.

இவையெல்லாம் கட்டுப்படியாகாது என்றால் வீட்டிலேயே செய்யலாம். 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாளைப் பலகையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். வெள்ளை ஜெஸ்ஸோவில் (ஓவியத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) நைஸான மார்பிள் பவுடர் கலந்து, பூசுகிற பதத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு முறை குறுக்கே, காய்ந்ததும் ஒரு முறை நெடுக்கே பூசுங்கள். காய்ந்த பிறகு விரலால் தடவினால் மெல்லிய உப்புத்தாள் மாதிரி உணர வேண்டும்.

பின்சேர்க்கை: ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்பு வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பேஸ்டல் நன்றாகவே ஒட்டும். ஆனால் கரைத்துப் பூசிய மெல்லிய நிறம் கறுப்பின் மேல் மங்கிப் போவதால் அடிவண்ணத்தின் பயனே போய்விடும். இந்த முறைக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறத் தாள்தான் சரி.

கரைப்பதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சீக்கிரம் காயும், தாளை அதிகம் வளைக்காது. தீப்பற்றும் பொருள் என்பதால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் சானிடைசரை ஊற்றாதீர்கள். அதில் கிளிசரின் இருக்கும், தாளில் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். ஆல்கஹால் வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் தண்ணீரையே பயன்படுத்தலாம். காயக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

தட்டையான பிரஷ் ஒன்று, அரை அங்குலம். பழையதாக இருக்கட்டும். சொரசொரப்பான தாள் பிரஷ் முடியைத் தின்றுவிடும்.

கோடு

பென்சில் வேண்டாம். பென்சில் கோட்டின் வழுவழுப்பில் பேஸ்டல் சரியாகப் பிடிக்காது. வெளிர் ஊதா பேஸ்டல் பென்சிலால் நாலைந்து கோடு போதும்: மலையின் மேல்விளிம்பு, வயல் தொடங்கும் இடம், பனைகள் நிற்குமிடம், ஒரு வரப்பு. வானத்துக்கும் வயலுக்கும் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். எதைச் சொல்ல விரும்புகிறீர்களோ அதற்கு அதிக இடம்.

அடிவண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். "எதிர் நிறத்தைப் பூசு" (பச்சைக்குச் சிவப்பு மாதிரி) என்று மட்டும் கேள்விப்பட்டுத் தொடங்குபவர்களுக்குப் படம் கலங்கிப் போவதும் இங்கேதான்.

நிறம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அதன் வேல்யூ சரியாக இருக்க வேண்டும். வேல்யூ என்றால் ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. மலை நடுத்தர இருட்டு என்றால் அதற்கு அடியில் மெஜந்தா வரலாம், செங்கல் சிவப்பு வரலாம், ஊதா வரலாம், எல்லாமே நடுத்தர இருட்டாக இருக்கும்வரை. வெளிறிய ரோஸ் போட்டால் மலை எழுந்து நிற்காது. மேலே எத்தனை நீலம் பூசினாலும் அடியிலிருக்கும் வெளிச்சம் அதைப் பலவீனமாக்கிக்கொண்டே இருக்கும்.

கண் இதில் எளிதாக ஏமாறும். பளிச்சென்ற சிவப்பு பார்வைக்கு வெளிச்சமாகத் தோன்றும். கறுப்பு வெள்ளையில் பார்த்தால் அது நடுத்தரம் அல்லது அதைவிட இருட்டு. மஞ்சளோ எந்த நிலையிலும் வெளிச்சம்தான், அதனால் பனைக்கு அடியில் மஞ்சளுக்கு வேலையே இல்லை. ஒரு துண்டுத் தாளில் குச்சிகளை வரிசையாகத் தேய்த்து, போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உங்கள் மாலைக் காட்சியையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் வையுங்கள். எந்தக் குச்சி எந்த இடத்துக்கு என்று அப்போதே தெரிந்துவிடும். இந்த ஒரு வேலையைத் தவிர்க்காதீர்கள்.

நம் காட்சிக்கு நான் எடுப்பவை: வானத்துக்கு வெளிர் பீச், மலையை நெருங்கும்போது வெளிர் மஞ்சள். மலைக்கு மெஜந்தா. தொலைவு வயலுக்கு வெளிர் ஆரஞ்சு, கிட்ட வர வர அடர் ஆரஞ்சு, படத்தின் கீழ்விளிம்பில் செங்கல் சிவப்பு. பனைக்கு அடர் ஊதா. வாய்க்கால் இருந்தால் வானத்தின் அதே நிறம்.

வண்ண அடித்தளத்தின் மேல் பேஸ்டல் தீட்டுவது புதிய வித்தையும் இல்லை. பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா 1890-இல் பர்கண்டிப் பயணத்துக்குப் பிறகு எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சி மோனோடைப்புகளை (தகட்டில் வரைந்து தாளில் எடுக்கும் ஒற்றை அச்சு) அச்செடுத்தார். பலவற்றின் மேல் பேஸ்டல் தீட்டினார். 1892-இல் பாரிஸில் டியூரான்-ருவேல் காட்சியகத்தில் அவை வைக்கப்பட்டன. இணையத்தில் தேடிப் பாருங்கள். அடியிலிருக்கும் எண்ணெய்ப் படலம் பேஸ்டல் கீற்றுகளுக்கு நடுவே மூச்சுவிடுவது தெரியும். அந்த இடைவெளிகளைத்தான் நாமும் கற்றுக்கொள்ளப் போகிறோம்.

கரைத்துப் பூசுவது

குச்சியைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்து நிறங்களை வையுங்கள். தாள் பாதி தெரிய வேண்டும். நிறைய வைத்தால் கரைத்த பிறகு சேறு போலத் திரண்டு காய்ந்து, சொரசொரப்பை அடைத்துவிடும். அப்படி ஆகிவிட்டால் நன்றாகக் காயவிட்டு, உலர்ந்த பிரஷால் அதிகப் பொடியைத் தட்டி எடுத்துவிடலாம்.

பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, பிரஷை ஆல்கஹாலில் தோய்த்து, வெளிச்சமான இடத்திலிருந்து தொடங்குங்கள்: வானம், வயல், மலை, கடைசியில் பனை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷைத் துணியில் துடைக்க வேண்டும். தேய்க்காதீர்கள், ஒரே ஓட்டமாக இழுங்கள். வயலில் நிறம் கொஞ்சம் கீழே வழிந்தால் விட்டுவிடுங்கள். அந்த வழிசல் பின்னால் பயிரின் செங்குத்துக் கீற்றாக மாறும்.

காய வேண்டும், முழுமையாக. தொட்டுப் பார்த்தால் விரல் குளிர்ச்சியாக உணரக் கூடாது. சாரல் காற்று வீசும் நாட்களிலும் ஐப்பசி மழையிலும் இன்னும் அதிகம் பொறுத்திருங்கள். ஈரத்தின் மேல் பேஸ்டல் வைத்தால் கறையாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்த நிலையில் படம் மாலைத் தீ பற்றிய மாதிரி இருக்கும். போனில் கறுப்பு வெள்ளைப் படம் இன்னொரு முறை. மலை மலையாகவும் வயல் வயலாகவும் தெரிந்தால் மேலே போகலாம்.

மேல் அடுக்குகள்

மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். பலகை செங்குத்தாக இருக்கட்டும், பொடி கீழே விழும். கீழே ஒரு அலுமினியத் தாளை மடித்து ஒட்டினால் பொடி அதில் சேரும். வாயால் ஊதாதீர்கள். சில நிறமிகளில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு, மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது.

கெட்டியான குச்சிகள் முதலில், மிருதுவானவை கடைசியில். இருட்டான இடங்களை முதலில் உறுதிப்படுத்துங்கள். மலைக்கு மெஜந்தாவின் அதே வேல்யூ உள்ள நீலத்தை எடுத்து, குச்சியைப் படுக்கவைத்து, இறகால் தடவுகிற அழுத்தத்தில் ஒரு முறை இழுங்கள். நீலம் மேடுகளில் மட்டும் உட்காரும், குழிகளில் மெஜந்தா மிச்சமிருக்கும். மூன்றில் ஒரு பங்காவது அடிவண்ணம் தெரியும்படி விட்டுவிடுங்கள்.

விரலால் தேய்த்து மென்மையாக்கும் பழக்கம் இருந்தால் இங்கே கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூண்டி அதிரும். அதே இரண்டையும் விரலால் கலந்தால் பழுப்புச் சேறு. அடிவண்ண முறையின் மொத்தப் பலனும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வானத்தில் மட்டும், அதுவும் மலைக்கு மேலே ஒரு சின்ன இடத்தில், உள்ளங்கை ஓரத்தால் லேசாகத் தொடலாம் என்பது என் கருத்து.

வானத்தை மலை விளிம்பிலிருந்து தொடங்குங்கள். அங்கே மிக வெளிறிய மஞ்சள், மேலே போகப் போக வெளிர் நீலம். பீச் அங்கங்கே தெரியட்டும், மாலை வெளிச்சத்தை அதுதான் கொண்டுவரும்.

வயலுக்கு ஒரே பச்சை போதாது. தொலைவில் நீலம் கலந்த வெளிர் பச்சை, படுக்கைக் கீற்று. நடுவில் மஞ்சள் பச்சை. கிட்டத்தில் குச்சியின் விளிம்பால் செங்குத்துக் கீற்றுகள், அவற்றுக்கு நடுவே அடர் பச்சை, ஓரிரு இடத்தில் ஓக்கர் (மண் மஞ்சள்). வரப்பை வரையவே வேண்டாம். பச்சையை வரப்பின் இரு பக்கமும் நிறுத்திக்கொண்டால் அடிவண்ணச் சிவப்பே மண்ணாகி நிற்கும்.

பனை கடைசி. ஓலைகளைத் தனித்தனியாக வரையாமல் தலையை ஒரு கரும் திரளாக வையுங்கள். பிறகு வான நிறத்தால் உள்ளே சின்னச் சின்ன இடைவெளிகளைக் குத்துங்கள். அந்த நிறம் வெளியே இருக்கும் வானத்தைவிட ஒரு படி இருட்டாக இருக்க வேண்டும். அதே வெளிச்சத்தில் வைத்தால் மரத்தில் பல்பு மாட்டியது போல் துருத்திக்கொண்டு தெரியும். விளிம்பில் மட்டும் சில ஓலை நுனிகள் கூராக இருக்கட்டும்.

மிக வெளிறிய மஞ்சள் குச்சியை இதுவரை வயலில் தொட்டிருக்கக் கூடாது. இப்போது எடுத்து, எதிர்வெயில் படும் பயிர் நுனிகளில் சில கீற்று, அழுத்தமாக. அதோடு குச்சியைக் கீழே வையுங்கள்.

ஆடியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும்போது இதே முறையில் வரைய ஆசை வரும். பூக்களின் இடத்துக்கு அடியில் நடுத்தர ஊதா பூசிப் பாருங்கள். மஞ்சள் எழும்பி நிற்கும்.

முடிந்த பிறகு

அழுக்கான குச்சிகளை ஒரு டப்பாவில் அரிசியோடு போட்டு மெதுவாகக் குலுக்கினால் சுத்தமாகிவிடும். அந்த அரிசி டப்பாவின் மேல் எழுதித் தனியே வையுங்கள், சமையலுக்கு ஆகாது. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஃபிக்ஸேடிவ் (பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. வெளிறிய நிறங்களை அது இருட்டாக்கிவிடும். கடைசியாக வைத்த அந்த மஞ்சள்தான் முதலில் அடிபடும். பலகையின் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டினால் ஒட்டாத பொடி உதிர்ந்துவிடும். மேலே பட்டர் பேப்பர் வைத்து, நகராதபடி ஒட்டி, படுக்கவைத்துப் பாதுகாக்கலாம். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் படக் கூடாது. நடுவே மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பேஸ்டல் படத்தில் பூஞ்சை பிடித்தால் படத்தைக் கெடுக்காமல் எடுப்பது மிகவும் கடினம்.