ஒரு விளக்கு, ஒரு ஆள், மீதி இருட்டு

இரவுத் தெருவைச் சினிமா மாதிரி எடுக்க வேண்டும் என்று முதல்முறை கிளம்பியபோது, மூன்று மணி நேரம் சுற்றி அலைந்துவிட்டு நானூறு படங்களோடு வீடு திரும்பினேன். ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாப் படத்திலும் எல்லாமே தெரிந்ததுதான் கோளாறு. குப்பைத்தொட்டி, ஒயர்கள், நிறுத்தி வைத்த கார்கள், யாரோ ஒருவருடைய முதுகு. இருட்டைக் கண்டாலே கேமராவின் ஆட்டோ மோடுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்ட மாதிரி பதற்றம் வந்துவிடும். உடனே வெளுத்துக் கொடுத்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த இருட்டுதானே!

1946-ல் பிரெஞ்சு விமர்சகர் நீனோ ஃபிராங்க் சில அமெரிக்கக் குற்றப் படங்களைப் பற்றி எழுதும்போது பயன்படுத்திய பெயர் ‘ஃபிலிம் நுவார்’. கருப்புப் படம் என்று பொருள். அந்த வகைப் படங்களில் திரையில் பாதி எதுவும் தெரியாது. தெரியாத பாதியைத்தான் நாம் பயத்தோடு பார்த்துக்கொண்டிருப்போம். ஸ்டில் படத்தில் அதைக் கொண்டுவர நான் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு விளக்கு. அதைத் தேடிப் பிடித்துவிட்டு, ஆள் வரும்வரை அசையாமல் நிற்பது.

விளக்கைத் தேடும்போது கேமரா பையிலேயே இருக்கட்டும். விளக்குக்குக் கீழே போய் உங்கள் கையை நீட்டுங்கள். தரையில் விழும் விரல் நிழல் கத்தியால் வெட்டியது போல இருந்தால் அது நல்ல விளக்கு. நிழல் பஞ்சு மாதிரி பரவிக் கிடந்தாலோ, இரண்டு மூன்று நிழல்கள் வெவ்வேறு பக்கம் விழுந்தாலோ விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு விளக்கு எரிந்தால் அது நிழலுக்குள் வெளிச்சம் ஊற்றிக் காரியத்தைக் கெடுத்துவிடும்.

சரி, விளக்கு கிடைத்துவிட்டது. இப்போது உங்களை நோக்கி ஒருவர் நடந்து வருகிறார், வழியில் அந்த விளக்கைக் கடக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது வெளிச்சம் அவர் முகத்தில் விழும். அடையாளம் தெரியும், அதனால் சுவாரசியம் குறைவு. நேர் கீழே வரும்போது நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள் மட்டும் இருக்கும். அதைக் கடந்து நம் பக்கம் இரண்டு எட்டு வைத்ததும் முகம் முழுக்க அணைந்துவிடும். தோளிலும் தலைமுடியிலும் மட்டும் ஒரு வெள்ளிக் கோடு ஓடும். ஆறேழு எட்டுக்குள் மூன்று வேறு ஆட்கள்! நான் கண்குழிக்கும் வெள்ளிக்கோட்டுக்கும் நடுவில்தான் அமுக்குவேன். ஒரு எட்டு முந்தினால் மண்டையோடு, ஒரு எட்டு பிந்தினால் வெறும் கருப்புப் பொம்மை.

அந்த ஒரு எட்டைப் பிடிக்க ஆட்டோஃபோகஸை நம்பாதீர்கள். இருட்டில் அது முன்னும் பின்னும் தடவிக்கொண்டிருக்கும், ஆள் போயே போய்விடுவார். தரையில் ஒரு விரிசலையோ சாக்கடை மூடியையோ குறி வைத்து, அதன் மேல் மேனுவலாக ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸைத் தொடாமல் விடுங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 35 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 2 என்று அகலமாகத் திறந்து வைத்து 4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 3.3 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். அவர் அந்த மூடியை மிதிக்கும்போது அமுக்கினால் போதும்.

எக்ஸ்போஷருக்கு, அதாவது எவ்வளவு வெளிச்சம் பதிவாக வேண்டும் என்பதற்கு, மேனுவல் மோடு. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, எஃப் 2, ஷட்டர் 1/125 நொடி என்று ஆரம்பிப்பேன். விளக்கைப் பார்க்காமல், விளக்கடியில் வெளிச்சம் விழும் தரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கேமரா திரையில் விளக்கின் குமிழ் மட்டும் வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று மினுங்கி எச்சரித்தால் கவலை வேண்டாம். தரையும் மினுங்கினால் வெளிச்சத்தைக் குறையுங்கள். இருட்டுப் பகுதியில் ஒன்றுமே பதிவாகவில்லையா? நல்லது. ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுப்பது கட்டாயம்.

ஷட்டர் வேகத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். நீண்ட கோட்டு போட்ட ஒருவர் குடையை விரித்துக்கொண்டே ஒரு கடைப் பலகையின் வெளிச்சத்துக்குள் ஓடி வந்தார். குடை பாதி விரிந்த நொடியில் எடுத்தேன். அந்த வருடத்தின் ஆகச் சிறந்த படம் என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் குறுக்கே வரிக்குதிரை மாதிரி பட்டை பட்டையாகக் கோடு. சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில், 1/500-ல் எடுத்திருந்தேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் பதிவதால் அந்தத் துடிப்பு பட்டையாக விழுந்துவிடும். அந்த ஊர்களில் மெக்கானிக்கல் ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் தப்பிக்கலாம்; 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/120 அல்லது 1/60. விளக்கடிக்குப் போனதும் இரண்டு சோதனைப் படம் எடுத்துப் பட்டை விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மழை நின்ற முதல் பத்து நிமிடம் தங்கம். ஈரத் தரை அந்த ஒரே விளக்கை இரண்டாக்கித் தரும், நம் ஆளைத் தலைகீழாகவும் நடக்க வைக்கும். கேமராவைத் தண்ணீருக்கு எவ்வளவு நெருக்கமாகத் தாழ்த்துகிறீர்களோ அவ்வளவு பிரதிபலிப்பு கூடும். என் பேன்ட்டுகளில் பாதிக்கு முட்டியில் கறை. லென்ஸில் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது பிரதிபலிப்பையே தின்றுவிடும். இரவுக் காட்சி எடுக்கும் முன் தெருவை நனைத்து வைப்பது சினிமாக்காரர்களின் பழைய வழக்கம். நானும் ஒருமுறை ஒரு பாட்டில் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தேன். இரண்டடி நனைந்தது, நாய் ஒன்று வந்து நக்கிவிட்டுப் போனது. பெய்துகொண்டிருக்கும் மழை வேண்டுமென்றால் விளக்கு மழைக்குப் பின்னால் இருக்க வேண்டும். புகைக்கும் பனிமூட்டத்துக்கும் இதே கதைதான். முன்பக்க வெளிச்சத்தில் அவை காணாமல் போய்விடும்.

கலரா, கருப்பு வெள்ளையா என்பதை விளக்கே சொல்லிவிடும். பழைய குறைந்த அழுத்த மஞ்சள் சோடியம் விளக்குகள் கிட்டத்தட்ட ஒரே நிறத்தை மட்டும் உமிழ்பவை. அதன் கீழே சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் ஒன்றுதான், என்ன எடிட் செய்தாலும் திரும்ப வராது. வம்பு வேண்டாம், கருப்பு வெள்ளை. நியானும் குண்டு பல்பும் இருந்தால் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) 3200 கெல்வினில் பூட்டிவிட்டுக் கலரில் எடுங்கள்.

ஃபிரேமின் மேலும் கீழும் கருப்புப் பட்டை ஒட்டிவிட்டால் சினிமா ஆகிவிடாது. 2.39-க்கு 1 என்ற அகலத் திரை அளவு வேண்டுமென்றால், எடுக்கும்போதே அதை மனதில் வைத்து நில்லுங்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஆளுக்கு எந்தப் பக்கம் காலி இடம் விடுகிறோம் என்பதுதான். முன்னால் இடம் விட்டால் அவர் எங்கோ போகிறார். பின்னால் விட்டால் அவரை ஏதோ தொடர்கிறது. அதே தெரு, அதே ஆள்.

காத்திருப்பு போரடிக்கும்தான். 1930-களின் தொடக்கத்தில் பாரிஸின் இரவுகளைப் படமெடுத்த புகைப்படக்காரர் பிரஸாய், ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தை வைத்து எக்ஸ்போஷரைக் கணக்கிடுவாராம். நமக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும், ஆனால் ஆளுக்காக ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்குமாறு நில்லுங்கள், கேமரா வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். யாராவது ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் படத்தைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள்.

எடிட்டிங்கில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டுப் பகுதிகளை வெளுக்கும் ஷேடோ ஸ்லைடரைத் தூக்காதீர்கள். தேவையானால் ஒரே ஒரு இடத்தை, தோள் விளிம்பையோ கையையோ, லேசாக வெளுத்துவிடுங்கள். படத்தில் குருணை குருணையாகப் புள்ளிகள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் ஆள் எங்கே என்று தெரிந்தால் முடிந்தது வேலை.

தெரியாத ஆட்களுக்காக நிற்க முடியாது என்றால் நண்பரைக் கூட்டிப் போகலாம். ஆனால் “சோகமாகப் பார்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பல்வலி வந்தவர் மாதிரி ஆகிவிடுவார். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். என் நண்பனிடம் விளக்கடியில் நின்று கோட்டுப் பையில் சாவியைத் தேடச் சொன்னேன். ஐந்து நிமிடம் நடித்தான், உப்புச் சப்பில்லை. அப்புறம் திடீரென்று கை நின்றது. தலையைத் தூக்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். கண்குழி, வெள்ளிக்கோடு, பின்னால் நீண்ட ஈரத் தெரு, எல்லாம் அமைந்தது. ஏழு படம் எடுத்துவிட்டேன். பிறகுதான் அவன் குரல் வந்தது: “டேய், நிஜமாவே காணோம்டா.” அரை மணி நேரம் இருவரும் போன் வெளிச்சத்தில் தெருவைத் துழாவினோம். சாவி என் கேமரா பைக்குள் இருந்தது.